ஏற்றம் சுங்கமன்று

மலையேறிப் பார்க்கவேண்டிய எந்தக் காட்சியைப் பற்றியும் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில், ஏறியவரும் ஏறாதவரும், ஏற நினைத்துப் பாதியில் திரும்பியவரும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. உச்சியில் இருப்பது பண்டம். அதை அடைவதற்குப் படும் பாடு அதற்குக் கொடுக்கும் விலை என்பதே அது. விலை அதிகம் என்று கருதுகிறவர் அதைக் குறைக்க வழி தேடுகிறார். சாலை போடச் சொல்கிறார், படி வெட்டச் சொல்கிறார், கம்பிவடத்தில் தொட்டி கட்டித் தொங்கவிடச் சொல்கிறார். விலையிலேயே பெருமை காண்பவரோ, வியர்வை சிந்தாதவனுக்குத் தரிசனத்தில் பாத்தியதை ஏது என்று மீசையை முறுக்குகிறார். ஒருவரையொருவர் ஜன்மப் பகைவரென்று நினைத்துக்கொண்டிருக்கும் இவ்விரு திறத்தாரும் ஒரே பேரேட்டைத்தான் எதிரெதிரே உட்கார்ந்து புரட்டுகிறார்கள் என்பதும், அந்தப் பேரேடே பிசகு என்பதும் என் கட்சி.

வாதத்தை ஆகாயத்தில் நடத்துவதைவிட ஒரு பாறையின்மேல் நடத்துவது நல்லது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாப் என்னும் சிற்றூருக்கு வடக்கே ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. பாறையில் தானாகத் துளை விழுந்து தோரணமாய் நிற்கும் வளைவுகள் அங்கே 2000-க்கு மேல் எண்ணப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ‘டெலிக்கேட் ஆர்ச்’ என்று, அதாவது நொய்ய வளைவு என்று, பெயர் பெற்ற ஒன்று, அம்மாநிலத்து மோட்டார் வண்டிகளின் எண் தகட்டிலே அச்சாகி ஊரூராய் ஓடிக்கொண்டிருப்பதால், நேரில் காணுமுன்பே எல்லாருக்கும் பரிச்சயமாகிவிட்டது. 1929-இல் அப்பிரதேசத்தைப் பாதுகாப்பதென்று அரசாங்கம் எல்லை வகுத்தபோது இந்த வளைவு அந்த எல்லைக்குள் வரவில்லை என்பதும், 1938-இல் எல்லையை விரித்தபோதுதான் இதற்கு உள்ளே இடம் கிடைத்தது என்பதும், கீர்த்தி எவ்வளவு சாவதானமாக வந்து சேரும் என்பதற்கு ஓர் அத்தாட்சி. வளைவின் திறப்பு ஏறத்தாழ 14 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் உடையது. அதனிடம் போய்வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் 146 மீட்டர். நம் திருச்சி மலைக்கோட்டையைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்; ஆனால் படியும் இல்லை, மண்டபமும் இல்லை, வழியில் பெயர் சொல்லத்தக்க நிழலும் இல்லை.

முதலில் சௌகரியக் கட்சியார் சொல்வதைக் கேட்போம். அவர்கள் வாதம் அற்பமானதன்று. கோடை வெயிலில் தண்ணீரில்லாமல் ஏறித் தவிப்பவர் உண்டு, முழங்கால் தேய்ந்தவர் உண்டு, கைக்குழந்தைக்காரிகள் உண்டு. இயற்கையின் அற்புதம் திடகாத்திரர்களின் ஏகபோகமா என்று அவர்கள் கேட்கும்போது, இல்லை என்றுதான் எந்த நியாயவானும் பதில் சொல்வான். அந்தப் பதிலைப் பூங்காவை நடத்துகிறவர்களும் சொல்லியிருக்கிறார்கள்: வேறொரு சாலை வழியே வண்டியில் போய் இறங்கி, நூறு கஜம் சமதரையில் நடந்தாலோ சக்கர நாற்காலியில் உருண்டாலோ, ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில், குன்றின் விளிம்பில், வளைவைக் காணலாம். அவ்வாறு கண்டவர் குறைபட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய உரிமையை எவரும் பறிக்கவும் வேண்டாம். தற்செயலாக, அம்மலையடியில் முதலில் குடிசை போட்டவரே கால் பழுதானவர்தாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலில் காயப்பட்ட ஜான் வெஸ்லி உல்ஃப் என்ற ஓஹையோக்காரர், வறண்ட காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று 1898-இல் மகனோடு வந்து மாடு மேய்த்து, 1910 வரை அங்கே வாழ்ந்தார். இன்று வளைவுக்கு ஏறும் பாதை அவர் விட்டுப்போன மரக்குடிசையின் வாசலிலிருந்துதான் புறப்படுகிறது.

ஆனால் அக்கட்சியார் தூரத்துக் காட்சியோடு திருப்தியடைகிறவர்கள் அல்லர். பண்டம் அதே பண்டமாக இருக்க விலை மட்டும் குறையவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வளைவின் காலடி வரைக்கும் வசதி வேண்டும் என்பது அதன் தாத்பரியம். இது நிறைவேறினால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. நிறைவேறிய இடம் ஒன்று இருக்கிறது. சீன தேசத்து ஹூனான் மாகாணத்தில் தியன்மென் மலையில், ஏறத்தாழ 130 மீட்டர் உயரமும் 57 மீட்டர் அகலமும் உள்ள மாபெரும் துளை, வானத்துக்கு வாசல் வைத்தாற்போல் திறந்திருக்கிறது. அந்த மலையின் பெயருக்கே வானவாசல் என்றுதான் பொருள். அடிவார நகரத்தின் நடுவிலிருந்து 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கம்பிவட வண்டி மலையுச்சிக்குச் செல்கிறது. 99 திருப்பங்களோடு ஒரு சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. சாலை முடியுமிடத்திலிருந்து துளைக்கு 999 படிகள். அப்படிகளும் பாரமாகத் தோன்றியதால், மலையின் வயிற்றைக் குடைந்து நகரும் படிக்கட்டுகளை உள்ளே ஓடவிட்டிருக்கிறார்கள். மலை தானே துளைத்துக்கொண்ட துளையை ஜனங்களுக்குக் காட்டும்பொருட்டு, அதே மலையை மனிதர் மற்றுமொரு துளை துளைத்தார்கள் என்றால், எது காட்சி எது கருவி என்கிற விவேகம் எங்கே போயிற்று? அங்கே போகிறவர் மின்சாரக் கூடத்துள் நுழைந்து வளைவின் கீழே வெளிப்படுகிறார்; தாம் கடந்துவந்தது ஒரு மலையென்பதே அவருக்குத் தெரிய நியாயமில்லை.

இங்கேதான் விலை என்ற உவமையின் பழுது வெளிப்படுகிறது. கடையில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கை நான் பத்து ரூபாய் குறைத்துப் பேசி வாங்கினால் விளக்கு இளைத்துவிடாது. விலைக்கும் விளக்குக்கும் ஸ்தூல சம்பந்தம் கிடையாது. மலைச்சரிவுக்கும் பாறை வளைவுக்கும் உள்ள சம்பந்தம் அப்படிப்பட்டதா? யூட்டாப் பாதையில் அடியெடுத்து வைத்துப் பார்ப்போம்.

குடிசையைத் தாண்டியதும் ஓர் ஓடைமேல் பாலம். அந்த ஓடைக்குச் சால்ட் வாஷ், அதாவது உப்போடை, என்று பெயர். வளைவுக்குப் பின்னணியாகப் பனி மூடி நிற்கும் மலைத்தொடருக்கு லா சால் என்று பெயர். ஸ்பானிய பாஷையில் அதுவும் உப்புத்தான். பெயரிட்டவர்கள் எதை நினைத்து இட்டார்களோ, அப்பூமியின் அந்தரங்கம் அந்த இரண்டு பெயர்களிலும் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் புகுவதும் வற்றுவதுமாக இருந்ததில், கனத்த உப்புப் படுகை அடியில் தங்கிற்று; அதன்மேல் யுகயுகாந்தரமாய் மணலும் சேறும் படிந்து பாறையாயின; பாறையின் பாரத்தைத் தாளாத உப்பு, பிசைந்த மாவு விரலிடுக்கில் பிதுங்குவதுபோல் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் மேடு கட்டியது; மேடு கட்டிய இடத்தில் மேற்பாறை வரிவரியாய் வெடித்தது; வெடிப்புகளில் இறங்கிய நீர் அவற்றை அகலப்படுத்தி, இடையில் எஞ்சிய பாறையைச் சுவர் சுவராக நிறுத்தியது. அப்படிப்பட்ட சுவர் ஒன்றில் விழுந்த துளைதான் வளைவு. ஆகவே பாலத்தின்மேல் நின்று கீழே பார்க்கிறவன், வளைவின் வரலாற்றில் முதல் ஏட்டைப் புரட்டிவிட்டான். சாலை வழியே நேரே காலடிக்கு வந்து இறங்குகிறவனுக்கு அந்த ஏடு கிழிந்துபோன புத்தகம்தான் கிடைக்கும்.

இவ்வளவையும் வீட்டிலிருந்தபடி ஒரு பூகர்ப்ப சாஸ்திர நூலில் படித்துவிடலாமே என்று ஆட்சேபிக்கலாம். படிக்கலாம், நானும் முதலில் அப்படித்தான் படித்தேன், படித்ததை நம்பினேன் என்று சொல்லமுடியாது. அகன்ற பாதை கொஞ்ச தூரம் வளைந்து ஏறி, மண்ணும் புதரும் நின்றுபோய், சாய்ந்த ஒரே பாறையாக முன்னே எழும்புகிற இடத்தில்தான் நம்பினேன். அதற்கு அவ்வூரார் இட்ட பெயர் ஸ்லிக்ராக், வழுக்குப் பாறை. ஆதியில் குடியேறியவர்களின் குதிரைகள் இரும்பு லாடத்தோடு அதன்மேல் சறுக்கியதால் வந்த பெயர். ரப்பர் அடி வைத்த செருப்புக்கு அது வழுக்குவதே இல்லை. நம் தச்சர்கள் உப்புத்தாள் என்று சொல்லும் காகிதத்தின்மேல் நடப்பதுபோல் கரகரவென்று பற்றிக்கொள்கிறது. பாதை என்று ஒன்றும் அங்கே கிடையாது. யாரோ அடுக்கிவைத்த சிறு கற்குவியல்களைக் குறியாக வைத்துக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க, குனிந்த தலையோடு ஏறவேண்டும். அந்தக் குனிவு எவ்வளவு பெரிய உபகாரம்! முகத்துக்கு இரண்டு முழ தூரத்தில், பாறை தன்னைத் தானே உண்டுகொண்டிருப்பது தெரிகிறது. மழைநீர் தேங்கிய கிண்ணம்போன்ற குழிகள். குழியின் அடியில் பசை விட்டுப்போய்ப் பிரிந்து கிடக்கும் மணல். கையால் தேய்த்தால் உதிரும் ஓரங்கள். ஒரு கத்தி நுழையும் அளவு வெடிப்பில் வேரை நுழைத்துக்கொண்டு முறுகிப்போய் நிற்கும் ஒரு ஜூனிப்பர் மரம். மணிகளைப் பிணைத்திருக்கும் சுண்ணப் பசையை நீர் கரைக்கிறது. குளிர்காலத்தில் அந்நீரே வெடிப்புக்குள் உறைந்து, பருத்து, பாறையை நெம்புகிறது. மேலே 14 மீட்டர் உயரத்துக்குத் திறந்திருக்கும் அதே வாய், இங்கே காலடியில் ஒரு கைக்குழியாக இருக்கிறது.

மேலும், இந்தச் செங்குத்தை நாம் துன்பமென்கிறோமே, இந்தச் செங்குத்து இல்லாவிட்டால் வளைவு உண்டா? சரிவு மண்ணைத் தங்கவிடாமல் வழித்துக் கீழே தள்ளியதனால்தான் பாறை இப்படி வெறுமையாக வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. உதிர்ந்த மணலை ஓடைக்குக் கொண்டுபோக நீருக்கு ஓட்டம் கிடைத்ததனால்தான் சுவர்கள் தனித்து நின்றன. எந்தச் சக்தி என் முழங்காலைக் கீழ்நோக்கி இழுத்ததோ, அந்தச் சக்திதான் வளைவைச் சுற்றியிருந்த பாறையையும் இழுத்து இறக்கியது. காரியத்தைப் பண்டமென்று மதித்துக் காரணத்தைச் செலவென்று கழிக்கும் கணக்கை எந்தக் கணக்கன் ஒப்புவான்?

காற்றுதான் இவ்வளைவுகளைச் செதுக்கியது என்ற ஒரு கிளைக்கதையும் பிரயாணிகளிடையே பலமாக உலவுகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் கதை. வெட்டவெளியில் தனியாக நிற்பதைக் காற்றல்லாமல் வேறு யார் தொட்டிருக்க முடியும்? ஆண்டுக்கு ஓரடிக்கும் குறைவாக மழை பெய்யும் அந்த நாட்டில், அந்தச் சொற்ப நீரும் அதன் உறைபனியுமே பிரதான சிற்பிகள் என்பதைச் சரிவில் நாலு குழிகளைப் பார்த்தவன் தானாக அறிவான். நீர் தொடங்கியதை எது முடித்துவைக்கிறது என்பது 2014-இல் இன்னும் தெளிவாயிற்று. செக் நாட்டு ஆராய்ச்சியாளர் யிர்ஷி புரூத்தன்சும் சகாக்களும், பசையே இல்லாமல் மணிகள் தம்முள் கோத்துக்கொண்டு நிற்கும் மணற்பாறைக் கட்டிகள்மேல் பளு ஏற்றி, நீரில் அரிக்கவிட்டுப் பார்த்தார்கள். பளு இறங்காத பகுதிகள் கரைந்து போயின; பளு அழுத்திய இடத்தில் மணிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு அரிப்பை எதிர்த்து நின்றன; கடைசியில் எஞ்சியவை தூணும் வளைவுமாக இருந்தன. தலைச்சுமையைப் பொருட்படுத்தாமல் வளைவு நிற்கிறது என்று நாம் வியக்கிறோம். அந்தச் சுமைதான் அதை நிறுத்தியிருக்கிறது.

சரிவின் மேல்முனையில் பாதை ஒரு பாறைச் சுவரை ஒட்டிய விளிம்பாகக் குறுகி, சுமார் இருநூறு கஜம் செல்கிறது. இதுவரை வளைவு கண்ணில் படவே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வலப்பக்கம் சற்று மேலே, அதே சுவரில் தடித்த பாறைச் சட்டத்துக்குள் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. ஃபிரேம் ஆர்ச் என்று பெயர். பெரும்பாலோர் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். எண் தகட்டிலே அச்சாகாத வளைவல்லவா! சுவரைவிட்டு இன்னும் பிரியாத வளைவு அது. அதைப் பார்த்துவிட்டு நாலடி வைத்து மூலை திரும்பினால், மாபெரும் கிண்ணம்போல் பாறை உள்வாங்கி, அதன் எதிர் உதட்டில், சுவர் முழுவதும் அழிந்து வளைவு மட்டும் மிஞ்சிய ஒன்று தனியே நிற்கிறது. ஜன்னலை முதலில் காணாதவன் அங்கே எதைக் காண்கிறான்? யாரோ கொண்டுவந்து வைத்த ஓர் அலங்கார வாயிலை. கண்டவனோ, அந்த வளைவைச் சுற்றிலும் முன்பு இருந்து இப்போது இல்லாத மலையையும் சேர்த்துக் காண்கிறான்.

இனித் தவக் கட்சியார். இவர்கள் என் பக்கம் என்று நினைத்துக் கைதட்டத் தொடங்கியிருப்பார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். பட்ட பாட்டினால் காட்சிக்கு அருகதை வருகிறது என்பது அவர்கள் சித்தாந்தம். அப்படியானால் காலைக் குளிர்ச்சியில் புறப்பட்டு, போதிய தண்ணீரோடு அனாயாசமாக ஏறிப் போனவனைவிட, நடுப்பகல் வெயிலில் மதியீனமாகப் புறப்பட்டு மயங்கி விழுந்தவன் வளைவை நன்றாகக் கண்டான் என்றல்லவா ஏற்படும்? உடல்நோவு கண்ணைக் கூர்மையாக்குவதில்லை. பெரும்பாலும் மங்கச் செய்கிறது. மேலே போய்ச் சேர்ந்து, வந்துவிட்டேன் என்று கூவி, படமெடுத்துக்கொண்டு, பாறையைத் திரும்பிப் பாராமல் இறங்குகிறவர்களில் பலர் இக்கட்சியார்தாம்.

தம் பக்கத்துக்குப் பக்தர்களை இவர்கள் சாட்சிக்கு இழுப்பதும் வழக்கம். நல்ல சாட்சி, ஆனால் எனக்குச் சாதகமான சாட்சி. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக யாத்திரை போகிற திருமலையில், கோயிலுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவு ஒன்று இருக்கிறது. 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் இருக்கலாம். ஜீப்பில் வந்து, வேலிக்கு இப்பால் நின்று, இவ்வளவுதானா என்று கேட்டுப் போகிறவர்களே மிகுதி. அதே மலையின் அலிபிரிப் பாதையிலே, ஏறத்தாழ 3550 படிகளுக்கும் ஒவ்வொன்றாக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். செலுத்தவேண்டிய சுங்கத்துக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? முழங்கால் முறிச்சான் என்று நம்மவர் சொல்லும் கடும் ஏற்றத்தில் இராமாநுசர் முழந்தாளிட்டு ஏறினார் என்பது ஐதிகம். காரணம், தம் உடலை வருத்தினால் பலன் கூடும் என்பதன்று. மலையே ஆதிசேஷனாதலால் பாதம் படலாகாது என்ற அச்சம். உச்சியில் சந்நிதி, மற்றதெல்லாம் வழி என்று அந்தப் பெண்களும் அந்த ஆசாரியரும் பிரித்ததே இல்லை.

விலைக் கொள்கைக்கு இன்னொரு பரீட்சையும் வைக்கலாம். பண்டம் அழிந்துவிட்டால் என்ன? அந்த அச்சத்தினால் 1950-களில், டெலிக்கேட் ஆர்ச் மேலும் தேயாதபடி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பூச்சு ஒன்றைப் பூசிவிடலாமா என்று பூங்காத் துறையினர் ஆராய்ந்தார்கள். சாத்தியப்படாதென்றும் தங்கள் கொள்கைக்கு ஒவ்வாதென்றும் நல்லவேளையாகக் கைவிட்டார்கள். அரிப்பினால் பிறந்த வஸ்துவை அரிப்பிலிருந்து காப்பாற்றுவது, நதியை ஓடவிடாமல் நிறுத்தி நதியாகக் காப்பாற்றுவது போன்றது. அதே பூங்காவில், டெவில்ஸ் கார்டன் பாதையில், 20 மீட்டருக்கு மேல் அகன்று நின்ற வால் ஆர்ச் என்ற வளைவு 2008 ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரவில் ஒருவரும் காணாதபடி இடிந்து விழுந்தது. பாதை அதன் கீழாகவே போயிற்று. இடிபாடு வழியை அடைத்ததால் கொஞ்ச நாள் மூடிவைத்துப் பிறகு திறந்தார்கள். ஏற்றம் விலையாயிருந்தால், பண்டமில்லாத அந்தக் கடைக்கு இன்று ஒருவரும் போகக்கூடாது. போகிறார்கள், விழுந்த துண்டங்களின் புதிய சிவப்பைப் பக்கத்துப் பாறையின் பழைய நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நிற்கிறார்கள்.

இறக்கத்தைப் பற்றியோ அக்கொள்கைக்கு ஒரு வார்த்தையும் கிடையாது. வாங்கிய பிறகு திரும்பிப் போவது யாருடைய கணக்கில்? ஏறும்போது குனிந்திருந்த தலை இறங்கும்போது நிமிர்கிறது. சாயங்கால வெயிலில் அந்தச் சரிவு முழுவதும், குழிகள் நிழலால் நிரம்பி, உப்போடை வரைக்கும் ஒரே பாறையாக விரிந்து கிடந்தது. தொடை நடுங்க, கற்குவியலுக்குக் கற்குவியல் நின்று நின்று இறங்கினேன். எதிரே ஏறிவந்த ஒரு கிழவர், வளைவு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்; அரை மணி என்றேன்; ஒரு குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அதிலிருந்த மணலைக் கிளறிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். உல்ஃபின் குடிசை வாசலில் செருப்பைக் கழற்றி உதறினேன். ஒரு பிடி சிவப்பு மணல் விழுந்தது. காற்று அதைக் கொஞ்ச தூரம் கொண்டுபோயிற்று.